மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது

ஜூன் 3, செவ்வாய்

முதல் பக்கத்தில் பெயரும் வேலையும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். எழுதிவிட்டேன்: பியூலா ஞானராஜ், கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். வேலை என்று எழுதியது இன்னும் இருபத்தேழு நாளைக்குத்தான் செல்லும். முப்பதாம் தேதி சாயங்காலம் மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவர் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது மூன்று கடிகாரம் வந்தது. மூன்றும் மூன்று நேரம் காட்டுகின்றன. வீட்டில் சும்மா இருந்தால் என்னோடு சண்டைதான் போடுவாய், டைரி எழுதிப் பழகு என்று இவர்தான் இதைக் கொடுத்தார்.

விடுமுறை முடிந்து நேற்றுத்தான் கோர்ட்டு திறந்தது. இன்று சிரஸ்தார் சங்கரபாண்டியன் வந்து என் மேசையில் ஒரு தாளை வைத்தார். ஆபீசுக்கே தலைமைக் குமாஸ்தா அவர், எதையும் தானே சுமந்து வருகிற ஆள் இல்லை. பங்களா கேஸ் திரும்பி வந்திருக்கிறதாம். இருபத்து நாலாம் தேதி நான் கூண்டேறி ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமாம்.

டேவிஸ்புரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டு தனியாக இருந்த மிஸ் ஹேரியட் என்ற வெள்ளைக்கார அம்மாள், 1911-இல் தன் பங்களாவை ஒரு டிரஸ்டுக்கு எழுதிவைத்தாள். டிரஸ்டு அதை ஒரு கல்யாண மண்டபக்காரருக்கு விற்றது. பங்களாவுக்குப் பின்னால் வரிசையாக ஒன்பது அறைகள். அம்மாளுக்குச் சமைத்தவர்கள், துவைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் குடியிருந்தது. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மண்டபக்காரர் அவர்களைக் காலி செய்யக் கேஸ் போட்டு 2007-இல் ஜெயித்தார். அவர்கள் மேல்கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். அது அங்கே பதினெட்டு வருஷம் கிடந்து, 'அந்தச் சொல்லின் பொருளை விசாரித்து முடிவு செய்க' என்று இப்போது எங்கள் கோர்ட்டுக்கே வந்திருக்கிறது.

சொல், மெஸ்விஜ். பழைய ஆங்கிலப் பத்திரங்களில் மட்டும் தலைகாட்டும். 2006-இல் அதற்கு நான் 'வீடும், அதைச் சேர்ந்த புறக்கட்டடங்களும், முற்றமும், மனையும்' என்று போட்டேன். அப்படியென்றால் பின்னால் உள்ள ஒன்பது அறைகளும் அதில் அடக்கம். மண்டபக்காரர் அதில்தான் ஜெயித்தார். வீடு மட்டும்தான் என்றால் அறைகள் விற்பனையில் சேராது. வக்கீல்கள் அதை 'மெஸ்ஸேஜ்' என்கிறார்கள், காது கூசுகிறது.

என் மொழிபெயர்ப்பு சரிதான். மூலத்துடன் ஒப்பிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை.

ஜூன் 4, புதன்

நூலகத்தில் அகராதி பார்த்தேன். சின்ன அகராதியில் 'குடியிருப்பு வீடு', அவ்வளவுதான். சட்ட அகராதியில் வீடு, புறவீடு, தோட்டம், அடுத்துள்ள நிலம் எல்லாம் சேர்த்தி. ஸ்காட்லாந்தில் ஜமீனின் தலைமை மாளிகைக்குத்தான் அந்தப் பெயர். எல்லாவற்றுக்கும் முந்திய பொருள், வீடு கட்ட விட்ட வெறும் மனை. அப்புறம் மனையில் வீடு வந்தது, வீட்டோடு தொழுவம் வந்தது, கிணறு வந்தது. ஒரு சொல் அறுநூறு வருஷமாகக் குடித்தனம் பண்ணியிருக்கிறது. நான் போட்டதுதான் முழு அர்த்தம். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது, ஆனாலும் கெட்டிக்காரிதான்.

கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு. பழைய பிரெஞ்சுப் பத்திரத்தில் 'மெஸ்னேஜ்' என்று இருந்ததை எவனோ ஒரு குமாஸ்தா தப்பாகப் படித்து எழுதியதில்தான் இந்த வார்த்தையே பிறந்திருக்கலாமாம். படித்ததும் ஏனோ எரிச்சல் வந்தது. அகராதியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கேன்டீனில் வடை போடும் மரகதம் அந்த ஒன்பது அறைகளில் ஏழாவதில் குடியிருக்கிறாள். ஒன்பதாம் பிரதிவாதி. பத்து வருஷமாக எனக்கு டீ கொண்டுவருகிறாள், கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று டம்ளரை வைத்துவிட்டு நின்றாள்.

"யக்கா, நீங்க சொல்லுததுலதான் எங்க வீடு இருக்குன்னு வக்கீலம்மா சொல்லுதாங்க. நெசமா?"

சாட்சி சொல்லப்போகிறவள் கட்சிக்காரியோடு கேஸ் பேசக்கூடாது என்று சட்டம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். டீயில் சீனி கூட. அவள் எப்போதும் எனக்குச் சீனி குறைத்துத்தான் போடுவாள்.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே பண்டிகை. சீஷர்கள் படிக்காத பாஷையெல்லாம் பேசினதைப் பற்றி பாதிரி ஐயர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். மொழிபெயர்க்கிற வேலை அன்றைக்கு ஆவியானவரே பார்த்துக்கொண்டாராம். அவருக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கோவிலில் இப்படி நினைப்பது பாவம்தான்.

மத்தியானம் கோழிக்குழம்பு. இவர் இரண்டு தரம் சாப்பிட்டார். சர்க்கரைக்காரர், சொன்னால் கேட்பதில்லை.

ஜூன் 11, புதன்

பழைய கேஸ் கட்டை வாங்கிப் பார்த்தேன். நான் மொழிபெயர்த்தது தட்டச்சு நகலைப் பார்த்து. மண்டபக்காரரின் வக்கீல் ஆபீசில் அடித்த நகல். மூலப்பத்திரம் வெள்ளைக்கார அம்மாளின் கையெழுத்து, பூரான் ஊர்ந்த மாதிரி. யாருக்கும் படிக்க வராது. அதனால் நகலை வைத்து மொழிபெயர்த்து, அப்புறம் மூலத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பார்த்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவோம். எல்லாக் கோர்ட்டிலும் நடைமுறை அதுதான்.

நகலில் ஒரு வாக்கியம் நொண்டுகிறது. 'மெஸ்விஜும் தோட்டமும் கிணறும், மற்றபடி காம்பவுண்டுச் சுவருக்குள் உள்ள யாவும்' என்று போகிறது. கிணற்றுக்கும் சுவருக்கும் நடுவில் எதுவோ தட்டுகிறது. அம்மாள் அப்படி அவசரமாக எழுதுகிறவள் இல்லை, மற்ற வாக்கியமெல்லாம் கோவில் மணி மாதிரி நிதானமாகப் போகிறது.

நான் ஒப்பிட்டுப் பார்த்ததாகத்தான் நினைவு.

ஜூன் 12, வியாழன்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

சான்றிதழில் தேதி 2006 ஜூலை 14. அன்றைக்கு மகள் ஷைனிக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, நான் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ரெக்கார்டு ரூம் சாவியும் அன்று இல்லை. அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைப் பெற்ற தாயின் மேல் குற்றமாகச் சொல்ல முடியுமா?

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். இவர் தோசையைப் பிட்டுக்கொண்டே, ஷைனி காய்ச்சலில் கிடந்தது அந்த வருஷம் தீபாவளிக்கு என்றார். ஜூலை பதினாலு வெள்ளிக்கிழமை, உங்கள் ஆபீஸ் வேன் நாலு மணிக்குக் குற்றாலம் கிளம்பியது, நானும் கூட வந்தேன், ஐந்தருவியில் உன் செருப்புப் போனது மறந்துவிட்டதா என்று கேட்டார். தபால்காரர்களுக்குத் தேதி மறக்காது. நான் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 16, திங்கள்

சாவி அன்று இருந்தது. நான் கேட்கவில்லை.

இன்று கேட்டேன். சிரஸ்தார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை மெதுவாகத்தான் நீட்டினார். ரெக்கார்டு ரூமில் வௌவால் நாற்றம். பங்களா கேஸ் பெட்டி மேல் தட்டில், தகரத்தில் துரு ஏறிக் கிடந்தது. பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன். அந்தக் கையெழுத்தைப் படிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. யாருக்கும் படிக்க வராது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

'என் மெஸ்விஜும் தோட்டமும் கிணறும், கிணற்றுக்குப் பின்னாலுள்ள ஒன்பது அறைகள் மட்டும் நீங்கலாக. அவை அங்கே குடியிருப்போருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என்றைக்கும் உரியவை. அவர்களும் புழங்க வேண்டியது அந்தக் கிணறு. மற்றபடி காம்பவுண்டுச் சுவருக்குள் உள்ள யாவும்.'

நகலெடுத்தவனுடைய கண் முதல் கிணற்றிலிருந்து கடைசிக் கிணற்றுக்குத் தாவிவிட்டது. நடுவில் இருந்த ஒரு வரி போய்விட்டது. வேண்டுமென்று செய்தானா, தெரியாது. நகலெடுக்கிறவர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். அதைப் பிடிப்பதற்காகத்தான் ஒப்பிட்டுப் பார் என்று என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

மெஸ்விஜுக்கு நாலு அர்த்தமோ நாற்பது அர்த்தமோ, இந்தக் கேசுக்கு ஒன்றும் தேவையில்லை. அம்மாளே தெளிவாக எழுதியிருக்கிறாள்.

மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

யாரிடமும் சொல்லவில்லை. வெண்டைக்காய் வதக்கினேன், கருகிவிட்டது.

ஜூன் 18, புதன்

சிரஸ்தாருக்குத் தெரிந்துவிட்டது. மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். அர்த்தம் சொல்லத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், அர்த்தத்தைச் சொல்லிவிட்டு இறங்குங்கள் என்றார். வாய் திறந்தால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். விசாரணை நிலுவையில் இருக்கிற ஊழியரை ஓய்வு பெறவே விடமாட்டார்கள். முப்பதாம் தேதி பூமாலைக்குப் பதிலாகச் சஸ்பெண்ட் ஆர்டர்தான் வரும். அப்படி வாங்கின ஒருத்தர், வேலையிலும் இல்லாமல் ஓய்விலும் இல்லாமல் ஆறு வருஷம் கோர்ட்டு வாசலில் நின்ற கதையை எடுத்துச் சொன்னார். எனக்கும் தெரிந்த கதைதான், அவருடைய மனுவை மொழிபெயர்த்தவளே நான்.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம், இன்னும் பன்னெண்டு நாளு. பெட்டிய நீங்க தொறக்கவே இல்ல, சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. பாத்துக்கிடுங்க."

நல்ல மனுஷன். எனக்காகப் பொய் சொல்லத் தயாராக இருக்கிறார்.

ஜூன் 21, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. ஆகஸ்டில் ஷைனிக்குப் பிரசவம், இரண்டு பேரும் பெங்களூர் போவதாக இருந்தோம். சஸ்பெண்ட் ஆனால் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாது. அதைத்தான் முதலில் கேட்டார். முடியாது என்றேன்.

பிறகு கேட்டார். "நாம அருவியில நின்னுக்கிட்டு இருந்தப்போ, அந்த ஒம்பது வீட்டுக்காரங்களும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்களோ?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் திட்டிவிட்டேன். குத்திக்காட்டத்தான் தெரியும், வேறு என்ன உதவி பண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவந்து வைத்தார்.

ஜூன் 23, திங்கள்

மரகதம் இன்று கேஸ் பேசவில்லை. அவளுடைய அம்மா பேச்சியம்மாளைப் பற்றிப் பேசினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் டேவிஸ்புரத்திலிருந்து நடந்தே வருவாளாம். பஸ்ஸில் வந்தால் கோர்ட்டுக்கு மரியாதை இல்லை என்று நினைப்பு. துரைசானி அம்மா இந்த வீடு உங்களுக்குத்தான் என்று என் பாட்டி கையைப் பிடித்துச் சொன்னாள் என்று வக்கீலிடம், டவாலியிடம், டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லுவாளாம். ஒருத்தரும் நம்பவில்லை. பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லையே அம்மா என்று ஜட்ஜே சொல்லிவிட்டாராம். போன வருஷம் ஆடியில் செத்துப்போனாள்.

"கடைசியில அம்மாவே சொல்லிட்டா யக்கா, நாந்தான் சொப்பனம் கண்டுருப்பேன் போலன்னு."

மரகதம் வடையைத் தாளில் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை என்னால் தின்ன முடியவில்லை. பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன், இப்போதும் மேசைமேல் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நல்ல சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். சத்தியப் பிரமாணம் செய்தேன். மண்டபக்காரரின் வக்கீல் மெஸ்விஜ் என்றால் என்ன என்று கேட்டார். நாலு பொருளையும் சொன்னேன், எந்தக் காலம், எந்த ஊர் என்பதோடு. 1911-இல் தமிழ்நாட்டில் எழுதின பத்திரத்தில் வீடும் சுற்றியுள்ள கட்டடங்களும் மனையும் என்பதே பொருந்தும் என்றேன். அவருக்குச் சந்தோஷம். ஒன்பது வீட்டாரின் வக்கீல் முத்துச்செல்வி சின்னப்பெண், அகராதியும் கையுமாக எழுந்தாள். வீடு மட்டும் என்றும் பொருள் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அவளும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. ஜட்ஜ் எழுதி முடித்து, நன்றாக விளக்கினீர்கள் அம்மா, இறங்கலாம் என்றார்.

கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தேன். கையை எடுக்க முடியவில்லை. சிரஸ்தார் மேடைக்குக் கீழே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாலேயே இறங்குங்கள் என்றார். பின் வரிசையில் மரகதம் நின்றாள். மாவு காய்ந்த கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

"ஐயா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேட வேண்டிய அவசியமே இல்லீங்க," என்றேன். "மூலப் பத்திரத்துல இன்னும் ஒரு வரி இருக்கு. நகல்ல அது விட்டுப்போச்சு."

ஜட்ஜ் பேனாவை வைத்தார். என் சான்றிதழைக் கேஸ் கட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். சத்தம் போடாமல்தான் கேட்டார். "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டதுன்னு உங்க கையெழுத்து இருக்கே?"

"இருக்குங்க ஐயா. ஆனா ஒப்பிட்டுப் பாக்கல. அன்னிக்குக் குத்தாலம் போற அவசரத்துல பாக்காமலே போட்டேன்."

குற்றாலத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மண்டபக்காரரின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பத்திரத்தை என்னையே படிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் படித்தேன். தமிழில் சொன்னேன். 'என்றைக்கும் உரியவை' என்ற இடத்தில் நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு முழுக்க முடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மரகதத்தைக் காணவில்லை.

வேறு ஊர் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பத்திரத்தைப் புதிதாக மொழிபெயர்க்க உத்தரவு. அதுவரை ஒன்பது அறைகளையும் யாரும் தொடக்கூடாது. என் வாக்குமூலத்தின் நகல் மேலிடத்துக்குப் போகும். சிரஸ்தார் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்று நாளாக டீ வரவில்லை. இன்று மத்தியானம் மரகதம் வந்தாள், டம்ளர் இல்லாமல். நான்தான் முதலில் எழுந்து நின்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் பேச்சை மாற்றிச் சொன்னவளுக்குச் சொந்தப் பேச்சு வரவில்லை.

"அம்மா பொய்காரி இல்லன்னு அவ இருக்கும்போதே சொல்லிருக்கலாம்லா யக்கா?" என்றாள். "பதினெட்டு வருசம். உங்க மேசைக்கும் அந்தப் பெட்டிக்கும் எத்தன எட்டு இருக்கும்?"

நாற்பது காலடி. பதினாறாம் தேதி நடந்தபோது எண்ணியிருக்கிறேன்.

அந்த வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னாள், அம்மா படத்துக்குக் கீழே ஒட்ட வேண்டுமாம். எழுதினேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி, நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனாள். நியாயம்தான். எனக்கு அழுகை வந்தது, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜூன் 30, திங்கள்

காலையில் இவரும் கூட வருகிறேன் என்றார். ஓய்வு பெறுகிற அன்றைக்குத்தானே வீட்டுக்காரர் கூட வருவார், நீங்கள் எதற்கு என்றேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தே தீருவேன் என்று வந்துவிட்டார். என் மேசைக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

பூமாலைக்குச் சொல்லி வைக்கவில்லை, கடிகாரமும் வாங்கவில்லை. நாலரைக்கு உறை வந்தது. சிரஸ்தார் அதைப் பிரித்துப் படித்துவிட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார். ஆர்டர் ஆங்கிலத்தில் இருந்தது. ஊழியருக்கு வழங்கும்போது தமிழ்ப் பிரதியும் இணைக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் ஒருத்திதான்.

"அஞ்சே முக்கால் வரைக்கும் நீங்க ட்யூட்டியிலதான் இருக்கீங்க மேடம்," என்றார். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். "எனக்கு வேற வழி தெரியல."

வாங்கி மொழிபெயர்த்தேன். 'திருமதி பியூலா ஞானராஜ், மொழிபெயர்ப்பாளர், 30-ஆம் தேதி பிற்பகல் முதல் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். அன்னார் ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை.' கடினமான சொல் ஒன்றும் இல்லை, அகராதி எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றரைப் பக்கம், இருபது நிமிஷத்தில் முடிந்தது.

சிரஸ்தார் கையை நீட்டினார். பொறுங்கள் என்றேன். மூலத்தை இடது பக்கமும் தமிழை வலது பக்கமும் வைத்து, அடிக்கோலை ஒவ்வொரு வரிக்குக் கீழும் நகர்த்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஐந்து நாற்பதுக்கு, மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.